அடக்கும் செல்களை எழுப்பப் போன மருந்து: லண்டன் 2006, ஒரு நிகழ்வு ஆய்வு

2006 மார்ச் 13, திங்கட்கிழமை காலை எட்டு மணி. லண்டனின் வடமேற்கில் உள்ள நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், பாரெக்ஸெல் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய தனிப் பிரிவில் எட்டு ஆண்கள் படுக்கைகளில் தயாராக இருந்தார்கள். வயது 19 முதல் 34 வரை. யாருக்கும் நோய் எதுவும் இல்லை. மனித உடலுக்குள் அதுவரை ஒருமுறைகூடச் செலுத்தப்படாத ஒரு மருந்தை, 2,000 பவுண்டு ஊதியத்துக்குத் தங்கள் உடலில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்து வந்தவர்கள். ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு மருந்து கலக்காத கரைசல். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது.

மருந்தின் பெயர் டி.ஜி.என்.1412. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் இருந்த டெஜெனெரோ என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய மோனோகுளோனல் ஆன்டிபாடி அது; அதாவது, ஒரே ஒரு இலக்கு மூலக்கூறைப் பற்றும்படி தயாரிக்கப்பட்ட எதிர்ப்புரதம். நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் செல்களை உடலுக்குள்ளேயே பெருக வைத்து, நோயெதிர்ப்பு உடலையே தாக்கும் முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களைத் தணிப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. மருந்து ஏறிய ஆறு பேரும் ஒரு நாள் முடிவதற்குள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள். நுரையீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம், ரத்தம் உறையும் இயக்கம் என ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்தன.

மருந்துப் பரிசோதனைகளின் பாதுகாப்பு என்ற கோணத்தில் இந்த நிகழ்வைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கோணமும் இந்த ஆய்வில் வரும். ஆனால் என் அக்கறை வேறு ஒன்றில்தான். அடக்கும் செல்கள் தனியாக நின்று வேலை செய்பவை அல்ல. தாங்கள் அடக்க வேண்டிய செல்களையே நம்பி வாழ்பவை. பாடநூல்களில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த உண்மையை இந்த நிகழ்வைப் போல வேறெதுவும் மனித உடலில் அப்பட்டமாகக் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

பின்னணி: அடக்கும் செல்கள்

நோயெதிர்ப்பு மண்டலத்துக்குத் தன் உடலையே தாக்கும் ஆற்றல் உண்டு. தைமஸ் சுரப்பியில் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் வளரும்போது, உடலின் சொந்தப் புரதங்களை மிக வலுவாகப் பற்றுபவை பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆனால் அந்தச் சல்லடை முழுமையானது அல்ல. தப்பி வெளியேறுபவற்றைக் கட்டுக்குள் வைக்க இன்னொரு ஏற்பாடு தேவை.

அப்படி ஒன்று இருக்கிறது என்பதற்கான தடயம் 1969இலேயே கிடைத்தது. ஜப்பானில் நிஷிசூகாவும் சகாகுராவும், பிறந்து மூன்று நாளான சுண்டெலிகளின் தைமஸை அகற்றியபோது, அவற்றின் சூலகங்கள் பின்னாளில் அழிந்துபோயின. டி செல்கள் குறைந்தால் தாக்குதலும் குறைய வேண்டும் அல்லவா? இங்கே கூடியது. மூன்றாம் நாளுக்குப் பிறகு தைமஸிலிருந்து வெளிவர வேண்டிய ஏதோ ஒரு வகைச் செல்தான் மற்றவற்றைத் தடுத்து வைத்திருந்திருக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கெர்ஷான் ‘அடக்கும் டி செல்’ என்ற கருத்தை முன்வைத்தார். பத்தாண்டுக் காலம் அது பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு அதன் மூலக்கூறு ஆதாரம் என்று சொல்லப்பட்டது மரபணுவரிசையில் தேடிய இடத்தில் இல்லை என்று தெரியவர, அந்தத் துறையே மதிப்பிழந்தது. அடக்கும் செல் என்று சொன்னாலே ஆய்வாளர்கள் முகம் சுளித்த காலம் அது.

அந்தக் காலத்திலும் விடாமல் தேடியவர் ஷிமோன் சகாகுச்சி. 1995இல் அவர் குழு, சி.டி.4 வகை டி செல்களில் ஒரு சிறு பங்கு தன் மேற்பரப்பில் சி.டி.25 என்ற மூலக்கூறைத் தாங்கியிருப்பதையும், அவற்றை நீக்கிவிட்டு மிச்சச் செல்களைச் சுண்டெலிக்குக் கொடுத்தால் பல உறுப்புகளில் தன்னெதிர்ப்பு நோய் கிளம்புவதையும் காட்டியது. 2001இல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் குழுவினர், பிறந்த சில வாரங்களிலேயே செத்துப்போகும் ‘ஸ்கர்ஃபி’ என்ற சுண்டெலி வகையின் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஃபாக்ஸ்பி3. அதே மரபணு மனிதரில் பழுதானால் ஐபெக்ஸ் என்ற அரிய நோய் வருகிறது. ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு, விடாத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி ஆகியவை சேர்ந்து வரும். ஃபாக்ஸ்பி3தான் அடக்கும் செல்களை உருவாக்கும் மூல விசை என்பது 2003இல் உறுதியானது. இந்த மூவருக்கும் 2025இன் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது.

இன்று இவற்றை ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்கிறோம். ஆய்வகங்களில் சுருக்கமாக ‘டிரெக்’. ரத்தத்தில் உள்ள சி.டி.4 டி செல்களில் இவை ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு.

இவை அடக்கும் முறைகள் பல. ஆன்டிஜனை, அதாவது டி செல் அடையாளம் காணும் புரதத் துணுக்கை, ஏந்திவந்து காட்டும் டென்ட்ரைட் செல்லின் மேல் சி.டி.80, சி.டி.86 என்ற இரு மூலக்கூறுகள் இருக்கும். தாக்கும் டி செல் விழித்தெழ அவற்றைத் தொட வேண்டும். டிரெக் தன் சி.டி.எல்.ஏ.4 மூலக்கூறால் அவற்றைப் பற்றி, உரித்து, தனக்குள் இழுத்து அழித்துவிடுகிறது. பிறகு வரும் தாக்கும் செல்லுக்குத் தொட ஒன்றும் மிஞ்சுவதில்லை. இன்னொரு முறை, இன்டர்லூகின் 10, டி.ஜி.எஃப் பீட்டா போன்ற தணிக்கும் சைட்டோகைன்களை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதங்களை, சுரப்பது. செல்லுக்கு வெளியே சிந்தும் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை அடினோசினாக மாற்றித் தாக்கும் செல்களை மந்தமாக்குவதும் உண்டு.

இந்த ஆய்வுக்கு மிக முக்கியமானது இன்டர்லூகின் 2. டி செல்கள் பெருகுவதற்கான வளர்ச்சிக் காரணி இது. டிரெக் செல்களின் மேல் இருக்கும் சி.டி.25, இன்டர்லூகின் 2ஐ மிக இறுக்கமாகப் பற்றும் ஏற்பியின் ஒரு பகுதி. சுற்றிலும் இருக்கும் இன்டர்லூகின் 2ஐ டிரெக் உறிஞ்சிக்கொள்கிறது. தாக்கும் செல்களுக்கு அது கிடைக்காமல் போகிறது. அடக்குமுறைகளில் இதுவும் ஒன்று. ஆனால் ஃபாக்ஸ்பி3 இயங்கும் செல்லால் இன்டர்லூகின் 2ஐத் தானாகத் தயாரிக்க முடியாது. தயாரிப்பவை பெரும்பாலும் விழித்தெழுந்த தாக்கும் டி செல்கள்தான். அடக்கும் செல் பிழைத்திருக்கவும் பெருகவும், தான் அடக்க வேண்டிய செல் கொஞ்சமாவது விழித்திருக்க வேண்டும்.

இந்த அடக்கம் குறைந்தால் உடல் தன்னையே தின்னும். அளவுக்கு மிஞ்சினால் நோய்க்கு இடம் கொடுக்கும். புற்றுக்கட்டிகள் பலவற்றில் டிரெக் செல்கள் குவிந்து கிடக்கின்றன. சூலகப் புற்றுநோயில் அவை அதிகமாக உள்ளவர்களின் ஆயுள் குறைவாக இருப்பதை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருந்தின் தர்க்கம்

ஒரு டி செல் விழிக்க இரண்டு சமிக்ஞைகள் வேண்டும். முதலாவது, தன் ஏற்பி வழியாக ஆன்டிஜனை அடையாளம் காண்பது. இரண்டாவது, சி.டி.28 என்ற மூலக்கூறு சி.டி.80 அல்லது 86ஐத் தொடுவது. முதலாவது மட்டும் வந்தால் செல் பெரும்பாலும் முடங்கிவிடும். இரண்டாவது மட்டும் வந்தால் ஒன்றும் நடக்காது.

இந்த விதிக்கு ஒரு விலக்கை 1990களின் பிற்பகுதியில் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹூனிக் குழு கண்டது. சி.டி.28இன் பக்கவாட்டில் உள்ள ஒரு குறிப்பிட்ட வளைவைப் பிடிக்கும் ஆன்டிபாடி, முதல் சமிக்ஞை இல்லாமலேயே டி செல்லை எழுப்பிவிட்டது. இத்தகைய ஆன்டிபாடிகளுக்கு ‘சூப்பர் அகோனிஸ்ட்’ என்று பெயரிட்டார்கள். எல்லா டி செல்களையும் ஒரேயடியாக எழுப்பும் பொருள் என்றால் எலிகள் சாக வேண்டும். சாகவில்லை. மாறாக, சில நாட்களில் டிரெக் செல்களின் பங்கு வெகுவாக உயர்ந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோயை எலிகளில் உண்டாக்கிவிட்டு இந்த ஆன்டிபாடியைக் கொடுத்தபோது நோய் தணிந்தது. மூட்டழற்சி மாதிரிகளிலும் அப்படியே.

இதைப் படித்த எவருக்கும் ஆசை வந்திருக்கும். அன்றைக்கு இருந்த தன்னெதிர்ப்பு நோய் மருந்துகள் பெரும்பாலும் நோயெதிர்ப்பை மொத்தமாக மட்டுப்படுத்துபவை. உடலின் சொந்த அடக்கும் செல்களைப் பெருக்கும் மருந்து என்றால் அது வேறு தரம். ஆனால் எலிகளின் முடிவுக்கு இரண்டு விளக்கங்கள் இருந்தன. ஆன்டிபாடி டிரெக் செல்களைத் தேர்ந்தெடுத்து எழுப்புகிறது என்பது ஒன்று. ஆன்டிபாடி எல்லாரையும் எழுப்புகிறது, ஆனால் டிரெக் செல்கள் முந்திக்கொண்டு மற்றவற்றை அமர்த்திவிடுகின்றன என்பது இன்னொன்று. முதல் விளக்கம் சரி என்றால் மருந்து இயல்பாகவே பாதுகாப்பானது. இரண்டாவது சரி என்றால், யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாதுகாப்பு.

அந்தக் காலை

மனிதருக்கான முதல் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 70 கிலோ ஆளுக்கு 7 மில்லிகிராம். நீள்வால் மக்காக் குரங்குகளுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை கொடுத்தும் கெடுதல் தெரியவில்லை. அதில் 500இல் ஒரு பங்கு இது. அன்று நடைமுறையில் இருந்த கணக்கின்படி இதைவிட அதிகமாகவே கொடுத்திருக்கலாம். நிறுவனம் குறைத்துத்தான் வைத்தது. கட்டுப்பாட்டு அமைப்பும் நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தந்திருந்தன.

ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களில் ரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்றப்பட்டது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி சுமார் பத்து நிமிடம். முதலில் ஏற்றிக்கொண்டவருக்கு அறிகுறி தெரியத் தொடங்கிய நேரத்தில் வரிசை ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது.

ஒரு மணி நேரத்தை ஒட்டிக் கடும் தலைவலி. பிறகு இடுப்பிலும் முதுகிலும் தசைவலி, குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு. தோல் சிவந்தது, ரத்தக் குழாய்கள் விரிந்தன, ரத்த அழுத்தம் சரிந்தது, காய்ச்சல் ஏறியது. ஆறு பேருக்கும் ஒரே வரிசையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில். கரைசல் மட்டும் பெற்ற இருவருக்கும் ஒன்றும் இல்லை. ஒவ்வாமை என்றால் ஆளுக்கு ஆள் வேறுபடும். கிருமி கலந்திருந்தாலும் இவ்வளவு சீராக இருக்காது. மருந்தின் நேரடிச் செயல்தான் இது என்பதற்கான முதல் சாட்சி இந்தச் சீர்மை.

ரத்தத்தில் டி.என்.எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிச் சைட்டோகைன் முதலில் எகிறியது. அடுத்த சில மணி நேரங்களில் இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூகின் 2, 6, 8, 10 எல்லாம் உச்சத்துக்குப் போயின. சைட்டோகைன் புயல் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவதன் கலப்படமற்ற மனித வடிவம் இது. நோய்க்கிருமி இல்லை, புற்றுநோய் இல்லை, முன்நோய் இல்லை. ஆரோக்கியமான உடல், ஒரே ஒரு ஆன்டிபாடி.

இந்தப் பட்டியலில் என் கண் நிற்பது இன்டர்லூகின் 10இல். அது தணிக்கும் சைட்டோகைன். அடக்கும் தரப்பும் விழித்திருந்திருக்கலாம் என்பதற்கான குறிப்பாக அதைப் பார்க்கிறேன். விழித்திருந்தாலும் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

12 முதல் 16 மணி நேரத்துக்குள் அனைவரும் உயிருக்கு ஆபத்தான நிலையை எட்டினர். நுரையீரலில் நீர்க்கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு, ரத்தக் குழாய்களுக்குள் பரவலாக ரத்தம் உறைதல். பக்கத்திலேயே இருந்த பொது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைக் குழு அவர்களை ஏற்றுக்கொண்டது. டயாலிசிஸ், சுவாச உதவி, அதிக அளவில் மெத்தில்பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு, கூடவே சி.டி.25ஐத் தடுக்கும் டாக்லிசுமாப் ஆன்டிபாடி.

அந்தக் கடைசி முடிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சி.டி.25ஐ மூடினால் தாக்கும் செல்களுக்கு இன்டர்லூகின் 2 தரும் ஊக்கம் குறையும். அதே கையோடு, டிரெக் செல்களின் உயிர்நாடியும் துண்டிக்கப்படும். அடக்கும் செல்களைப் பெருக்க வந்த மருந்து செய்த சேதத்தை நிறுத்த, அடக்கும் செல்களின் அடையாளமான மூலக்கூறையே மூட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். எரிந்துகொண்டிருந்தது தாக்கும் பக்கம். டிரெக் செல்கள் பெருகிப் பலன் தர நாட்கள் ஆகும். அவ்வளவு அவகாசம் அந்த உடல்களுக்கு இல்லை. இந்தப் புயலில் இன்டர்லூகின் 2க்குப் பெரிய பங்கு உண்டு என்று பின்னர் வந்த ஆய்வகச் சோதனைகள் காட்டின.

இன்னொரு விவரம். 24 மணி நேரத்துக்குள் ஆறு பேரின் ரத்தத்திலிருந்தும், டி செல்கள் அடங்கிய லிம்ஃபோசைட்டுகளும், மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களும் ஏறக்குறைய காணாமல் போயின. எழுப்பப்பட்ட டி செல்கள் ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் போய்விடும் என்பது விலங்குகளில் தெரிந்த நடத்தை. உடலின் லிம்ஃபோசைட்டுகளில் எந்த நேரத்திலும் ரத்தத்தில் இருப்பவை சுமார் 2 விழுக்காடுதான். மற்றவை நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் குடலிலும் நுரையீரலிலும். மருந்து சந்தித்தது அந்த 98 விழுக்காட்டை. சோதனைக் குழாய்கள் முன்கூட்டிச் சந்தித்ததோ இந்த 2 விழுக்காட்டை மட்டும்.

நால்வர் ஒப்பீட்டளவில் விரைவாகத் தேறினர். இருவருக்கு நீடித்த அதிர்ச்சி நிலையும் கடும் நுரையீரல் செயலிழப்பும். ஒருவருக்கு 8 நாட்கள், இன்னொருவருக்கு 16 நாட்கள் உறுப்பு ஆதரவு தேவைப்பட்டது. ஆறு பேரும் உயிர் பிழைத்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர் கால்விரல்களையும் கைவிரல்களின் நுனிகளையும் இழந்தார். டெஜெனெரோ அந்த ஆண்டே திவாலானது.

விசாரணையும் மூன்று காரணங்களும்

மருந்தில் கலப்படம், அளவில் தவறு, தயாரிப்பில் குறை ஆகியவற்றைப் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதலில் ஆராய்ந்தது. எதிலும் காரணம் அகப்படவில்லை. மருந்து, மருந்தாகவே செயல்பட்டிருந்தது. பேராசிரியர் கார்டன் டஃப் தலைமையிலான நிபுணர் குழு 2006 டிசம்பரில் 22 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை தந்தது. ஆனால் ‘ஏன்’ என்ற கேள்விக்கு முழு விடை வர இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

முதல் காரணம் குரங்கு. மக்காக் குரங்கின் சி.டி.28 மூலக்கூறில், ஆன்டிபாடி பற்றும் வெளிப்பகுதி மனிதருடையதைப் போன்றதே. அதனால்தான் அந்த விலங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வில் தர்க்கம் இருந்தது. 2010இல் பிரிட்டனின் உயிரியல் தரநிர்ணய ஆய்வகம் உண்மையைக் கண்டது. முன்பே ஒருமுறை போரிட்டு, திசுக்களில் காவல் காக்கும் ‘எஃபெக்டர் நினைவு’ வகை சி.டி.4 டி செல்கள், மனிதரில் சி.டி.28ஐத் தாங்கியிருக்கின்றன. மக்காக் குரங்கில் அதே வகைச் செல்கள் சி.டி.28ஐ இழந்துவிடுகின்றன. மூலக்கூறு ஒன்றுதான், அது இருக்க வேண்டிய செல்லின் மேல் இல்லை. சைட்டோகைனை நொடிப்பொழுதில் கொட்டக்கூடிய செல் எதுவோ, அதைத் தவிர்த்துவிட்டுத்தான் குரங்குச் சோதனை நடந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் சோதனைக் குழாய். மனித ரத்தச் செல்களோடு டி.ஜி.என்.1412ஐக் கரைசலாகக் கலந்தால் ஒன்றும் நடக்காது. மருந்து கொடுப்பதற்கு முன் செய்த சோதனைகள் தந்த தைரியத்துக்கு அதுவே அடிப்படை. 2007இல் அதே தரநிர்ணய ஆய்வகம், ஆன்டிபாடியைத் தட்டின் அடிப்பரப்பில் உலர்த்தி ஒட்டவைத்தோ, ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களோடு சேர்த்து வைத்தோ சோதித்தது. உடனே சைட்டோகைன்கள் பொங்கின.

ஏன் என்பதை 2011இல் ஹூனிக் குழு விளக்கியது. இந்தப் பகுதிதான் எனக்கு மொத்த நிகழ்விலும் மிகப் பிடித்தது. தன் கண்டுபிடிப்பு இவ்வளவு பெரிய துன்பத்தில் முடிந்த பிறகும் அதை விட்டு ஓடாமல், ஐந்து ஆண்டு கழித்து விடையோடு வந்த உழைப்பு அது. திசுக்களுக்குள் டி செல்கள் நெருக்கமாக வாழ்கின்றன. அக்கம்பக்கத்துச் செல்களின் மேல் ஆன்டிஜனை ஏந்திக் காட்டும் எச்.எல்.ஏ மூலக்கூறுகளைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தொடுதல் தரும் மெல்லிய சமிக்ஞை அவற்றை எப்போதும் அரைவிழிப்பில் வைத்திருக்கிறது. ரத்தத்துக்குள் வந்து தனித்தனியாக மிதக்கும்போது அந்த விழிப்பு வடிந்துவிடுகிறது. ரத்தத்திலிருந்து எடுத்த செல்களை ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி என்ற அடர்த்தியில் இரண்டு நாட்கள் நெருக்கி வளர்த்துவிட்டு, பிறகு வெறும் கரைசலாக டி.ஜி.என்.1412ஐச் சேர்த்தார்கள். இம்முறை செல்கள் முழு வேகத்தில் எழுந்தன. முன்பு குறைந்திருந்தது ஆன்டிபாடியின் திறன் அல்ல, செல்களின் அக்கம்பக்கம்.

‘முதல் சமிக்ஞை இல்லாமலேயே எழுப்பும்’ என்ற பழைய வரையறையும் இதனால் திருந்தியது. முதல் சமிக்ஞை மெல்லியதாக அங்கே இருந்துகொண்டேதான் இருந்தது. மருந்து அதைப் பெருக்கிக் காட்டியது.

மூன்றாவது காரணம்தான் டிரெக் செல்களைப் பற்றியது. 2009இல் அதே வூர்ட்ஸ்பர்க் குழு, டிரெக் செல்களை நீக்கிய சுண்டெலிகளுக்குச் சி.டி.28 சூப்பர் அகோனிஸ்டைக் கொடுத்தது. சாதாரணச் சுண்டெலிகளில் காணப்படாத சைட்டோகைன் வெளியீடு அவற்றில் காணப்பட்டது. ஆக, இரண்டாவது விளக்கமே சரி. மருந்து எல்லாரையும் எழுப்புகிறது. எலியில் டிரெக் செல்கள் முந்திக்கொள்கின்றன.

அவை ஏன் எலியில் முந்துகின்றன, மனிதரில் முந்தவில்லை? ஆய்வகத்து எலி கிருமிகள் நீக்கப்பட்ட கூண்டில் வளர்வது. அதன் டி செல்களில் பெரும்பாலானவை இன்னும் எதையும் சந்திக்காத புதியவை. அவை எழுந்தாலும் உடனே கொட்டுவதற்கு அவற்றிடம் சரக்கு இல்லை. முதலில் இன்டர்லூகின் 2ஐச் சுரக்கும், பிறகுதான் போர்க்கருவிகளைத் தயாரிக்கும். அந்த இன்டர்லூகின் 2ஐ டிரெக் செல்கள் வாரி எடுத்துக்கொண்டு பெருகி, நிலைமையைக் கையில் எடுத்துவிடும். முப்பது வயது மனிதனின் உடல் அப்படியா? சளி, காய்ச்சல், தடுப்பூசி, குடல் கிருமி என்று ஆயிரம் சந்திப்புகளின் நினைவோடு திசு முழுக்க எஃபெக்டர் நினைவுச் செல்கள் நிறைந்திருக்கின்றன. அவை எழுந்த ஒரு மணி நேரத்தில் டி.என்.எஃப் கொட்டும். டிரெக் செல் ஒருமுறை பிரிந்து இரண்டாவதற்குக்கூட அந்த நேரம் போதாது.

அளவு

0.1 மில்லிகிராம் என்பது குரங்கைப் பார்த்து வைத்த அளவு. சி.டி.28ஐப் பார்த்து வைத்திருந்தால்? உடலில் உள்ள சி.டி.28 மூலக்கூறுகளில் எத்தனையை இந்த அளவு பற்றும் என்று பின்னர் கணக்கிட்டபோது, ஏறக்குறைய 90 விழுக்காடு என்று வந்தது. முதல் மனிதனுக்குக் கொடுத்த முதல் சொட்டே கிட்டத்தட்ட உச்சபட்ச விளைவை நோக்கியது. இதற்குப் பின், கெடுதல் தெரியாத மிக அதிக அளவிலிருந்து கீழே இறங்குவதற்குப் பதிலாக, உயிரியல் விளைவு தெரியத் தொடங்கும் மிகக் குறைந்த அளவிலிருந்து மேலே ஏறும் முறையை நிபுணர் குழு வலியுறுத்தியது. 2007இல் ஐரோப்பிய மருந்து முகமை வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒருவருக்குக் கொடுத்து, காத்திருந்து பார்த்த பின்னரே அடுத்தவருக்கு என்பதும் வழக்கமானது. பத்து நிமிட இடைவெளியில் எட்டு பேர் என்ற அட்டவணையை இன்று யாரும் எழுதமாட்டார்கள்.

அடக்கும் செல்களைப் பொறுத்தவரை அளவின் பொருள் இன்னும் ஆழமானது. டிரெக் செல்கள் உடலின் சொந்தப் புரதங்களையே அடையாளம் காண்பவை. அதனால் அவற்றின் ஏற்பிகளில் எப்போதும் கொஞ்சம் சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். மற்ற செல்களை எழுப்பப் போதாத சிறு தூண்டலுக்கும் அவை எழக்கூடும். அடர்த்தியாக வளர்த்த மனிதச் செல்களில் ஹூனிக் குழு இதைச் சோதித்தது. அதிக அளவில் எல்லாச் செல்களும் எழுந்தன. மிகக் குறைந்த அளவில் டிரெக் செல்கள் எழுந்தன. சைட்டோகைன் புயல் இல்லை.

அந்த முடிவை நம்பி, ரஷ்யாவில் அதே ஆன்டிபாடியை டி.ஏ.பி.08 என்ற புதிய பெயரில் மீண்டும் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். தொடக்க அளவு லண்டன் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதுவும் நிமிடங்களில் அல்லாமல் மெதுவாக ஏற்றி. அளவைப் படிப்படியாக உயர்த்தியபோது அழற்சிச் சைட்டோகைன்கள் எழவில்லை. இன்டர்லூகின் 10 உயர்ந்தது. லண்டனில் பேரிரைச்சலுக்குள் மூழ்கிப்போன அந்த ஒரு சமிக்ஞை இங்கே தனியாகக் கேட்டது.

இதற்கு இணையான சாட்சி இன்டர்லூகின் 2இலேயே இருக்கிறது. 1992இல் அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அது மருந்தாக ஏற்கப்பட்டது. மிக அதிக அளவில், தாக்கும் செல்களைக் கிளப்பிவிட. கூடவே ரத்தக்குழாய்கள் கசிந்து நோயாளி தீவிர சிகிச்சை வரை போகும் அபாயத்தோடு. 2011இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் அதே பொருளை மிகக் குறைந்த அளவில் கொடுத்தார்கள். ஒன்று, ஹெபடைட்டிஸ் சி தொற்றால் வந்த ரத்தக்குழாய் அழற்சி நோயாளிகளுக்கு. மற்றது, எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பின் தானச் செல்கள் பெற்றவரின் உடலைத் தாக்கும் நாட்பட்ட நோய்க்கு. இரண்டிலும் டிரெக் செல்கள் பெருகின, பலருக்கு நோய் தணிந்தது. சி.டி.25ஐத் தூக்கலாகத் தாங்கிய செல்லுக்குத் துளி போதும். மற்றவற்றுக்கு வெள்ளம் வேண்டும்.

அடக்கத்தைத் தளர்த்தும் எதிர்த்திசை மருந்துகளிலும், தேர்ந்தெடுத்துச் செயல்பட முடியாத இதே சிக்கல்தான். 2011இல் புழக்கத்துக்கு வந்த இபிலிமுமாப், சி.டி.எல்.ஏ.4ஐத் தடுத்து, மெலனோமா புற்றுநோயில் அடக்கத்தைத் தளர்த்துகிறது. கட்டிக்குள் மட்டும் தளர்த்து என்று அதற்குச் சொல்ல வழியில்லை. குடல் அழற்சியும் தோல் அழற்சியும் நாளமில்லாச் சுரப்பிக் கோளாறுகளும் அந்தச் சிகிச்சையோடு வருவது அதனால்தான். ஐபெக்ஸ் குழந்தைகளில் தாக்கப்படும் உறுப்புகளோடு அந்தப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரே அடக்குமுறை இரண்டு இடங்களிலும் தளர்ந்திருப்பது தெரியும்.

டி.ஏ.பி.08 அடுத்து முடக்குவாத நோயாளிகளிடம் சென்றது. ஆரோக்கியமான உடலில் கண்ட அளவை அப்படியே நோயாளியின் உடலுக்குப் பெயர்த்துவிட முடியாது என்பது இந்த நிகழ்வைப் படித்த எவருக்கும் தோன்றும். வீங்கிய மூட்டுக்குள் எஃபெக்டர் நினைவுச் செல்கள் ஏற்கெனவே குவிந்து, விழித்தே இருக்கின்றன. டிரெக் செல்களும் அங்கே கூடியிருக்கின்றன, ஆனால் டி.என்.எஃப் நிறைந்த அந்தச் சூழலில் அவற்றின் பிடி தளர்ந்திருக்கிறது. அங்கே டிரெக்கை மட்டும் எழுப்பும் அளவுக்கும் எல்லாரையும் எழுப்பும் அளவுக்கும் நடுவே உள்ள இடைவெளி, லண்டனில் படுத்திருந்த எட்டு ஆரோக்கியமான ஆண்களுடையதைவிடக் குறுகலாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தே அளவை வைக்க வேண்டும். கைவிரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தை நம்பி அல்ல, மூட்டுத் திசு காட்டும் கணக்கை நம்பி.